பழைய ஹோண்டா சிட்டி: வாட்டர் பம்ப் மாற்றிய பின் டைமிங் வைப்பது எப்படி?

இந்தியாவில் 1998 முதல் 2003 வரை விற்ற முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியை இன்னும் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் காரின் டி வரிசை எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் ஒழுகினால் பெல்ட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் டைமிங்கை, அதாவது பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நிலையை, மறுபடி வைத்தாக வேண்டும். ஒரு பல் தவறினால் கார் இழுக்காது. பல பற்கள் தவறினால் பிஸ்டன் வால்வுகளில் இடித்து வளைத்துவிடும்.

நான் இந்த வேலையில் திண்டாடியதற்குக் காரணம், கைக்குக் கிடைத்த செய்முறைகள் பெரும்பாலும் வேறு எஞ்சின்களுக்கு எழுதப்பட்டவை. மற்ற கார்களில் பெரும்பாலும் எஞ்சின் கடிகார முள் திசையில் சுற்றும். நம்முடையது அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் தொடங்கினால் பாதி வேலை தலைகீழாகிவிடும். அதனால் இந்த எஞ்சினுக்கு மட்டும் பொருந்துவதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் உங்கள் எஞ்சின் இதுதானா என்று பாருங்கள்

2003 இறுதியில் வந்த அடுத்த தலைமுறை சிட்டியில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின்தான். அதில் வாட்டர் பம்ப் வெளியே இருக்கிறது. டைமிங்கைத் தொடாமலே மாற்றலாம். அந்த வண்டிக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்களுடையது பழைய வண்டி என்றால், பம்ப்தான் கெட்டதா என்பதையும் உறுதி செய்யுங்கள். பம்பின் உடலில் ஒரு சிறு கசிவுத் துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகக் கூலன்ட் வழிந்து, காய்ந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை படியும். டைமிங் கவரின் அடியில் ஈரம் இருந்தால் பம்ப்மேல் சந்தேகப்படலாம். ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் தளர்ந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்துவிட்டு பம்பைக் கழற்றப் போகாதீர்கள்.

2. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்திலிருந்து சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1.3, 1.5, வி-டெக் என்று இந்த சிட்டி பல எஞ்சின்களோடு வந்தது. கடைக்காரரிடம் "சிட்டி பெல்ட்" என்று மட்டும் கேட்டால் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். பல் எண்ணிக்கை வேறாக இருந்தால் அது தெரியவருவது எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான். சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றியதும் புதியதோடு சேர்த்துப் பிடித்துப் பல் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் எஞ்சினுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல் கட்டாயம் வேண்டும். நான் கீழே தரும் இறுக்க அளவுகள் டி வரிசைக்குப் பொதுவானவை. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் நெருப்பு விழும் நேரம்) எத்தனை டிகிரி, ஐடில் எவ்வளவு என்று இருந்தால் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரேடியோ இன்னும் இருந்தால் அதன் கோடு எண்ணையும் தேடி வையுங்கள், பேட்டரியைக் கழற்றப் போகிறோம்.

பில் இல்லாமல் பெல்ட் வாங்க வேண்டாம். ஒரிஜினல் போலவே அச்சடித்த பெட்டிகளில் போலி சரக்கு வருகிறது. பில் இருந்தால்தான் திருப்பித் தரவும் முடியும்.

3. சாமான்களும் செலவும்

பம்ப் மட்டும் வாங்கினால் போதாது. பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், பம்புக்கான ஓ-ரிங், வால்வு கவர் கேஸ்கெட், கூலன்ட் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். கிராங்க் சீல், கேம் சீல் இரண்டும் விலை குறைந்தவை. அவற்றில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் நெடுநாள் உழைக்காது. பழைய பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலன்டில் நனைந்த பெல்ட் அது. அதுவும் போக, இதே உழைப்பை அடுத்த வருடம் மறுபடி செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது?

செலவைத் தோராயமாகச் சொல்கிறேன். ஊருக்கும் பிராண்டுக்கும் ஏற்ப மாறும். நல்ல பம்ப், பெல்ட், டென்ஷனர் மூன்றும் சேர்ந்து 5,000 முதல் 9,000 ரூபாய் வரை ஆகலாம். கூலன்ட், சீல், கேஸ்கெட்டுக்கு மேலும் 2,000 ஒதுக்குங்கள். வால்வு வளைந்து ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் லேத் கூலியும் கேஸ்கெட் செட்டும் சேர்ந்து இதைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். வண்டி இன்ஷூரன்ஸ் இதற்கெல்லாம் பணம் தராது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். உடைந்த டைமிங் கவர், தொலைந்த பிராக்கெட் போன்றவற்றை அங்கே தேடலாம். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

கருவிகளில் முக்கியமானவை மூன்று. ஒன்று, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். இரண்டாவது, கிராங்க் புல்லியைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர். புல்லியின் நடுவில் இருக்கும் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழியில் இது உட்காரும். கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். மூன்றாவது, இக்னிஷன் டைமிங்கைப் பார்க்க உதவும் டைமிங் லைட். இதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பழைய மெக்கானிக் யாரிடமாவது இரவல் கிடைக்கும்.

4. எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

கைதேர்ந்த மெக்கானிக் அரை நாளில் முடிப்பார். முதல்முறை செய்பவர் சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்குங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்பதால் வெள்ளி இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஞாயிறு மாலை ஊருக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இதைத் தொடங்காதீர்கள். அவசரத்தில் தவிர்க்கப்படுவது 9-ஆம் படியாகத்தான் இருக்கும். தவிர்க்கவே கூடாத படியும் அதுதான்.

5. வழியில் இருப்பவற்றை அகற்றுங்கள்

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கூலன்டை ஒரு பேசினில் வடியுங்கள். அது இனிக்கும், விஷம், தெருநாய்கள் நக்கிவிடும். கீழே சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இடது முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், ஏ.சி. பெல்ட்களை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. வால்வு கவரையும் மேல் டைமிங் கவரையும் எடுங்கள்.

எஞ்சினின் இடது மவுண்ட் பெல்ட்டின் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் அதையும் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஆயில் பேனின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்குங்கள். கட்டை இல்லாமல் ஜாக்கியை நேராகக் கொடுத்தால் பேன் நசுங்கிவிடும்.

6. பெல்ட்டைத் தொடும் முன் மார்க்குகளைச் சேருங்கள்

முதல் சிலிண்டரை, அதாவது டைமிங் பெல்ட்டுக்கு மிக அருகில் இருக்கும் சிலிண்டரை, டி.டி.சி. நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை அது. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். டைமிங் பக்கம் நின்று பார்க்கும்போது உள்ள திசை அது.

கிராங்க் புல்லியின் விளிம்பில் பல கோடுகள் இருக்கும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மூன்று கோடுகள் ஒன்றாக நிற்கும். அவற்றின் நடுக்கோடு சிவப்பு. அவை இக்னிஷன் டைமிங்குக்கானவை. அவற்றிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும் வெள்ளைக் கோடுதான் டி.டி.சி. அது டைமிங் கவரில் உள்ள குறிமுள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். சிவப்புக் கோட்டை வைத்துப் பெல்ட் மாட்டினால் கிராங்க் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் விலகி நிற்கும். பெயின்ட் உதிர்ந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, கோடுகள் எல்லாம் தெரிந்த பிறகு தனிக்கோட்டைக் கண்டுபிடித்து வெள்ளைப் பெயின்ட் வையுங்கள்.

அடுத்து கேம் புல்லியைப் பாருங்கள். அதில் 'அப்' என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருக்கும். அது நேர் மேலே இருக்க வேண்டும். இரு பக்கமும் உள்ள சிறு கோடுகள் சிலிண்டர் ஹெட்டின் மேல்விளிம்போடு ஒரே மட்டமாக நிற்க வேண்டும். அந்தச் சொல் கீழே இருந்தால் கவலை வேண்டாம். கேம் ஒருமுறை சுற்ற கிராங்க் இருமுறை சுற்றும். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேலே வந்துவிடும்.

இரண்டும் சேர்ந்ததும் போனில் படம் எடுங்கள், கேமிராவை மார்க்குக்கு நேர் எதிரே வைத்து. சாய்வாக எடுத்தால் அரைப் பல் விலகியதுபோலத் தெரியும். பிறகு அந்தப் படமே உங்களைக் குழப்பும்.

7. கிராங்க் புல்லி போல்ட்

இந்த வேலையில் உடம்பு நோகும் இடம் இது. போல்ட் வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கும். ஹோல்டரைப் புல்லியில் மாட்டி அதன் கைப்பிடியைத் தரையிலோ ஸ்டாண்டிலோ முட்டுக்கொடுங்கள். பிரேக்கர் பாரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அழுத்துங்கள். வழக்கமான வலப்புரி மரைதான்.

ஸ்டார்ட்டர் மோட்டரைத் தட்டி போல்ட்டைத் தளர்த்தும் யுக்தியை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டவைத்து ஸ்டார்ட்டரைத் தட்டினால், கடிகார முள் திசையில் சுற்றும் எஞ்சின்களில் போல்ட் தளரும். நம்முடையது எதிர்த்திசையில் சுற்றுவதால் போல்ட் இன்னும் இறுகும். ஸ்பேனர் தெறித்து ஆளையும் அடிக்கலாம்.

பார் போட்டும் வரவில்லையென்றால், வேலைக்கு ஒரு வாரம் முன்பே டயர் கடையிலோ மெக்கானிக்கிடமோ இம்பாக்ட் கன் வைத்து ஒருமுறை தளர்த்தி, அங்கேயே சரியான அளவுக்கு மறுபடி இறுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். துருப் பிடிப்பு விட்டுவிட்டதால் வீட்டில் எளிதாக வரும்.

போல்ட் வந்ததும் மார்க்குகளை மறுபடி பாருங்கள். இவ்வளவு பலம் கொடுத்ததில் கிராங்க் நகர்ந்திருக்கும். புல்லியை எடுக்கும்போது அதன் சாவிக்கட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்க் கவரைக் கழற்றியதும் கிராங்கின் பல்சக்கரம் தெரியும். அதிலுள்ள மார்க்கும் ஆயில் பம்ப் உடலிலுள்ள அம்புக்குறியும் நேராக நிற்க வேண்டும். இனிமேல் நமக்கு ஆதாரம் இந்த மார்க்தான், புல்லியின் வெள்ளைக் கோடு அல்ல.

8. பெல்ட்டைக் கழற்றிப் பம்பை மாற்றுதல்

டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, டென்ஷனரைப் பெல்ட்டை விட்டு விலக்கித் தள்ளி, அதே நிலையில் மெல்ல இறுக்குங்கள். பெல்ட் தளர்ந்து வெளியே வரும். அதன்பிறகு கிராங்கையோ கேமையோ இஷ்டத்துக்குச் சுற்றாதீர்கள். கேம் ஒரு பல் அளவு நகர்ந்தால் மெல்லத் திருப்பிச் சேர்க்கலாம். அதற்கு மேல் திருப்ப நேர்ந்தால் முதலில் கிராங்கைக் கால் சுற்று பின்னே கொண்டுபோங்கள். நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதிக்கு இறங்கிவிடும், வால்வுகள் இடிக்காது. கேமைச் சேர்த்தபின் கிராங்கை அதே வழியில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பம்ப் 10 மில்லிமீட்டர் தலை கொண்ட போல்ட்களில் நிற்கிறது. எடுக்கும்போது பிளாக்கில் மிச்சமிருக்கும் கூலன்ட் கொட்டும், துணியால் துடையுங்கள். பம்ப் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, வழிகாட்டிப் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புது ஓ-ரிங்கைப் பள்ளத்தில் முறுக்கு இல்லாமல் பதியுங்கள். அதன்மேல் சிலிகான் பசை பூசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஓ-ரிங் இருக்கும் இடத்தில் அது தேவையில்லை; பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து கூலன்ட் வழியை அடைக்கும். போல்ட்களைக் குறுக்குமறுக்காக 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிளாக் அலுமினியம் என்பதால் அதிகம் இறுக்கினால் மரை உரிந்துவிடும்.

9. டைமிங் வைத்தல்

கிராங்க் மார்க், கேம் மார்க் இரண்டையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். பிறகு பெல்ட்டை இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் கிராங்க், அடுத்து டென்ஷனர், அடுத்து வாட்டர் பம்ப், கடைசியில் கேம். கிராங்குக்கும் கேமுக்கும் இடையே டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு அத்தனையும் டென்ஷனர் பக்கம் வரட்டும். இந்த விறைப்புப் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுவிட்டால் மார்க்குகள் இப்போது சரியாகத் தெரியும். டென்ஷனரை விட்டதும் ஒரு பல் தவறியது அம்பலமாகும்.

டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி அதன் ஸ்பிரிங் பெல்ட்டை இழுக்க விட்டு, மறுபடி இறுக்குங்கள். கீழ்க் கவரையும் புல்லியையும் மாட்டிக் கிராங்க் போல்ட்டை இறுக்குங்கள். டி வரிசைக்கு 181 நியூட்டன் மீட்டர். புல்லிக்குப் பின்னால் இருக்கும் வழிகாட்டித் தட்டின் வளைந்த விளிம்பு பெல்ட்டை விட்டு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பெல்ட்டின் ஓரத்தை அறுத்துவிடும்.

இப்போது எஞ்சினைக் கையால், எதிர்த்திசையில், ஐந்தாறு முழுச் சுற்று சுற்றுங்கள். பெல்ட் எல்லாப் பற்களிலும் பதியும். சுற்றும்போது ஏதாவது கட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்துத் தாண்ட முயலவே கூடாது, அது வால்வில் பிஸ்டன் முட்டும் தடையாக இருக்கலாம். சாவி போட்டிருந்தால் ஸ்டார்ட்டர் அந்தத் தடையை உங்களுக்கு உணர்த்தியிருக்காது, வளைத்துவிட்டுப் போயிருக்கும். கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

மறுபடி முதல் சிலிண்டரை டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள். டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். கேம் புல்லியில் மூன்று பல் நகரும் அளவுக்குக் கிராங்கை எதிர்த்திசையில் சுற்றுங்கள். அந்த நிலையில் டென்ஷனர் போல்ட்டை 44 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இந்த மூன்று பல் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதைச் செய்தால்தான் தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கம் சேர்ந்து, இழுப்பு சரியாக அமையும். பெல்ட் தளர்ந்தால் பல் தாவும். அளவுக்கு மீறி இறுகினால் ஊளையிடும் சத்தம் வரும், புது பம்பின் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மேலும் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகளைச் சரிபாருங்கள். 'அப்' நேர் மேலே, பக்கக் கோடுகள் ஹெட் விளிம்போடு மட்டம், புல்லியில் வெள்ளைக் கோடு குறிமுள்ளுக்கு நேர். மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். கேம் கோடு அரைப் பல்லுக்குமேல் விலகியிருந்தால் பெல்ட்டைக் கழற்றி மறுபடி போடுங்கள். அலுப்பாக இருக்கும், தெரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாததை "பரவாயில்லை" என்று மூடிவிடாதீர்கள். முடித்தபின் கிராங்க் போல்ட்டின் இறுக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். எதிர்த்திசையில் இத்தனை சுற்று சுற்றியதில் தளர்ந்திருக்கலாம்.

10. மூடிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள்

மவுண்ட், கவர்கள், பெல்ட்கள், பிளக்குகள் எல்லாம் பழையபடி. கூலன்டோடு கலப்பதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து புது பம்பையும் ரேடியேட்டரையும் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலவையாக ஐந்து லிட்டர் கையில் இருந்தால் போதும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். தெர்மோஸ்டாட் அருகே காற்று விடும் போல்ட் இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை திறந்து வைத்து மூடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, குறையக் குறைய ஊற்றுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே காற்று நிற்கிறது.

11. இக்னிஷன் டைமிங்

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட்தான். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் இருந்து, பெல்ட்டும் சரியாக உட்கார்ந்திருந்தால் இக்னிஷன் பழைய இடத்துக்கே ஏறக்குறைய வந்திருக்கும். ஆனாலும் லைட் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் சூடாகி ஃபேன் ஓடிய பிறகு, ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். மேனுவல் காட்டும் இடத்தில் இருக்கும் இரண்டு முனை சர்வீஸ் கனெக்டரை ஒரு சிறு வயரால் இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் டைமிங்கைத் தானே ஆட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்க்கும் எண் நிலையாக இருக்காது. டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் பிளக் வயரில் மாட்டி, புல்லியில் ஒளியை அடியுங்கள். இப்போது குறிமுள்ளுக்கு நேராக நிற்க வேண்டியது சிவப்புக் கோடு. சற்று விலகியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்களைத் தளர்த்தி மெல்லத் திருப்பிச் சேருங்கள். வேலை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிடுங்கள். மறந்தால் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரை அதன் எல்லைவரை திருப்பியும் சிவப்புக் கோடு வரவில்லை என்றால், அல்லது முன்பு இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் திருப்ப வேண்டியிருந்தால், கோளாறு பெல்ட்டில். ஒரு பல் தவறியிருக்கிறது. சில மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியே சமாளித்து அனுப்பிவிடுகிறார்கள். நெருப்பு சரியான நேரத்தில் விழும், வால்வுகள் மட்டும் தவறான நேரத்தில் திறக்கும். வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், ஐடில் நடுங்கும். காரணம் வெளியே தெரியாததால் இன்ஜெக்டர், பிளக் என்று ஒவ்வொன்றாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். வெளியில் கொடுத்துச் செய்தாலும், மேல் கவரைக் கழற்றி மார்க்குகளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

12. முதல் வாரம்

முதல் சில நாள் நெடும்பயணம் வேண்டாம். தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வாயரில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதால் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இறங்கும், பிறகு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து இறங்கினால் பம்ப் உட்கார்ந்த இடத்தையும் ஹோஸ் கிளிப்களையும் பாருங்கள். புது ஆல்டர்னேட்டர் பெல்ட் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தளரும், மறுபடி இறுக்குங்கள். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி மேல் டைமிங் கவரில் ஒட்டி, பில்களை ஆர்.சி. நகலோடு வண்டியில் வையுங்கள்.